கட்டிலுக்கு அடித்த பலகை

உள்ள தள்ளி ஜன்னலோரமா உக்காந்துக்குங்க தங்கச்சி. எனக்கு முட்டி வலி, ஒரு தடவை உக்காந்துட்டா உக்காந்ததுதான், நீங்கதான் என்னைத் தாண்டிப் போகணும். அந்தப் பொட்டலத்தை என் மடியில வைங்க, பரவாயில்ல. சாயங்காலம் இந்தப் புதுக்கோட்டை பஸ்ஸுல எடம் கெடைச்சதே பெரிசு.

என்ன இது, பெட்பேனா? பேப்பரைச் சுத்திக் குடுத்திருந்தாலும் எனக்குத் தெரியும். ரப்பர் ஷீட்டும் வாங்கியிருக்கீங்க. யாருக்கு, அம்மாவுக்கா? பாத்ரூமுல வழுக்கிட்டாங்களா. இடுப்பு எலும்பு. ம். ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாளாச்சு? ஆறு நாளா. வயசு? அறுபத்தெட்டு.

அறுபத்தெட்டுதானா.

ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். நான் நர்ஸு. நர்ஸா இருந்தேன்னு சொல்லணுமா, நர்ஸுன்னு சொல்லணுமான்னு எனக்கே கொழப்பம். பதினெட்டு வருஷம் பாத்தேன், பதினோரு வருஷமா விட்டுட்டேன், இன்னைக்கு மத்தியானத்துலேருந்து மறுபடியும் நர்ஸு. பையில சர்டிபிகேட் இருக்கு. வயசானவங்களைப் பாத்துக்கறதுக்குன்னு மூணு மாசப் பயிற்சி. வேலையை விட்ட பழைய நர்ஸுங்களா தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க இப்ப. வயசானவங்க பெருகிப் போனாங்க, பாக்கறதுக்கு ஆளில்ல. ஒண்ணாந்தேதிலேருந்து வேலைக்கு வரச் சொல்லி லெட்டரும் குடுத்துட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்.

சந்தோஷம்தானேன்னு கேக்கறீங்க. என் மூஞ்சியைப் பாத்தா அப்படியா தெரியுது? போறதா வேண்டாமான்னே தெரியல எனக்கு. அவ என்னைப் பெயிலாவே விட்டிருக்கலாம். போன வாரம் பெயில் பண்ணினா. அப்ப வந்த கோவத்தை விட, இன்னைக்குப் பாஸ் பண்ணினாளே, அதுக்குத்தான் எனக்கு அவ மேல கோவம் ஜாஸ்தி.

அவன்னா பிரிசில்லா. எங்களுக்குப் பாடம் நடத்தினவ. நர்ஸிங் ஸ்கூலுல நான் மூணாம் வருஷம் படிக்கிறப்ப அவ முதல் வருஷம். நாகர்கோயில் பக்கத்துப் பொண்ணு. மொத மொதல்ல அவளுக்கு ஊசி போடவே வராது. சாத்துக்குடிப் பழத்துல குத்திக் குத்திப் பழகுடின்னு உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நெனைக்கிறீங்க? நான்தான். வார்த்தைக்கு வார்த்தை திலகாக்கா திலகாக்கான்னு பின்னாலயே வருவா. இப்ப அவளை மேடம்னு கூப்பிடணும். கண்ணாடியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு மெதுவாப் பேசுவா. சத்தம் போட்டான்னா நாமளும் ரெண்டு வார்த்தை திருப்பிக் குடுக்கலாம். சத்தமே போட மாட்டா. அதான் அவகிட்ட எரிச்சல்.

நாங்க பதினாலு பேரு. ஒருத்தி மளிகைக் கடை வெச்சிருந்தா, ஒருத்தி தையல் மிஷின் போட்டிருந்தா. பழைய பி.பி. மிஷினைத் தேடிக்கிட்டு நின்னோம், எல்லாம் பட்டன் அமுக்கற மிஷினா மாறிப் போச்சு. அதெல்லாம் ஒரு வாரத்துல வந்துருச்சு. கை மறக்காது தங்கச்சி. கை மறக்கவே மாட்டேங்குது, அதான் தொந்தரவு. சொல்றேன் இருங்க.

முதல் நாளே கேட்டா. வயசானவங்களைப் பக்கத்துல இருந்து பாத்த அனுபவம் யாருக்கு இருக்குன்னு. எனக்குத்தான் இருக்கு. எந்திரிச்சு நின்னேன். எங்க அத்தையைப் பத்திச் சொன்னேன். என் வீட்டுக்காரரோட அம்மா.

அவங்களும் உங்கம்மா மாதிரிதான். பாத்ரூமுல விழுந்தாங்க, இடுப்பு போச்சு. பிளேட்டு வெச்சுத் தெச்சாங்க. அப்ப நான் புதுக்கோட்டையில ஒரு நர்ஸிங் ஹோமுல ஹெட் நர்ஸு. லீவு போட்டுப் பாத்தேன், சரிப்படல. வேலையை எழுதிக் குடுத்துட்டேன். யாரும் என்னை விடச் சொல்லல, நானேதான். வேற ஒருத்தி வந்து அவங்களைப் பாத்துக்கறதா? வீட்டுல ஒரு நர்ஸை வெச்சுக்கிட்டு?

ஒம்பது வருஷம். ஒம்பது வருஷத்துல அவங்க உடம்புல ஒரு படுக்கைப் புண்ணு வரல. இதை எங்க வேணா சொல்லுவேன். படுத்தவங்களைப் பாத்துக்கற யாரையாவது கேட்டுப் பாருங்க, ஒம்பது மாசம் புண்ணு வராம வெச்சிருந்தாலே பெரிசு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுவேன். அலாரம் வெச்சுத் திருப்புவேன். முதுகுல ஸ்பிரிட்டு தேய்ச்சு, பவுடர் போட்டு, துணியில ஒரு சுருக்கம் இல்லாம இழுத்து விட்டு. அவங்க போய் ரெண்டு வருஷமாச்சு, இன்னைக்கும் அலாரம் இல்லாம எனக்கு முழிப்பு வந்துருது. முழிச்சுக்கிட்டு, யாரைத் திருப்பறதுன்னு தெரியாம உக்காந்திருப்பேன். அதனாலதான் இந்தப் பயிற்சிக்கே எழுதிப் போட்டேன்.

எங்க நாத்தனா மெட்ராஸுல இருக்கு. தெவசத்துக்கு வர்றப்பல்லாம் வந்தவங்க முன்னாடி சொல்லும், எங்கம்மா காலு தரையில படாம பாத்துக்கிட்டாங்க எங்க அண்ணின்னு. அவங்க படுத்திருந்த கட்டில்கிட்ட எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டும். கட்டில் இன்னும் கூடத்துலதான் கெடக்கு. ஒரு பக்கம் சுவரு. இன்னொரு பக்கம் ஆசாரியை வரச் சொல்லி ஒரு பலகை அடிச்சேன், ஒரு முழ ஒசரத்துக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கம்பி இருக்குமில்ல, அது மாதிரி. ஏன்னா, கெழவிக்குப் பிடிவாதம். அசந்தா காலைத் தொங்கப் போட்டுரும். பாத்ரூமுக்கு மட்டும் நானே போயிக்கறேன்டி திலகான்னு கெஞ்சும். நான் இருக்கேன்ல அத்தை, எதுக்கு எந்திரிக்கிறீங்கன்னு காலைத் தூக்கி மறுபடி மேல வெச்சுருவேன். பலகை அடிச்ச பிற்பாடு அந்தத் தொந்தரவு இல்ல. ரெண்டு வருஷம் கேட்டுச்சு, அப்புறம் பழகிருச்சு.

நல்ல பலகை. வேங்கை மரம். தெனம் டெட்டால் துணியால தொடைப்பேன், உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும். மேல் விளிம்புல ஒரு எடம் மட்டும் வழுவழுன்னு கண்ணாடி கணக்கா ஆயிப் போச்சு. ஆசாரியைத்தான் மெச்சணும். 

இதெல்லாம் கிளாஸுல சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. மளிகைக் கடைக்காரி கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. பிரிசில்லா மட்டும் தட்டல. கண்ணாடியைக் கழட்டினா. மெதுவாக் கேட்டா, "ஆபரேஷன் முடிஞ்சு எத்தனாவது நாள் நடக்க வெச்சீங்கக்கா?"

நடக்க வைக்கவே இல்லையே, அதைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்னேன்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கிட்டா அவ. சரிக்கா உக்காருங்கன்னா. அவ்வளவு பேரு முன்னால. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக் கூட மனசு ஆறியிருக்கும்.

நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு தெரியுது. டாக்டரு நடக்க வைக்கச் சொல்லலையான்னுதானே? சொன்னாரு. மறுநாளே எழுப்பி உக்கார வைங்க, வாக்கரைப் பிடிச்சு நடக்க விடுங்கன்னாரு. டாக்டருங்க சொல்லுவாங்க. சொல்லிட்டு அடுத்த ரூமுக்குப் போயிருவாங்க. விழறப்ப பக்கத்துல நிக்கப் போறது யாரு?

நான் வேலைக்குச் சேந்த ரெண்டாம் வருஷம். நாப்பது படுக்கை வார்டு, டூட்டியில நான் ஒருத்தி. கொடலிறக்கம் ஆபரேஷன் பண்ணின ஒரு பெரியவரு பாத்ரூம் போகணும்னாரு. கூட வரவான்னேன். நானே போயிக்கறேன் தாயின்னாரு. எனக்கும் கையில வேலை, சரி போங்கன்னுட்டேன். வழியில யாரோ தண்ணியைக் கொட்டியிருக்காங்க. மண்டையில அடி. மூணாம் நாள் போயிட்டாரு. எனக்கு மெமோ குடுத்தாங்க. மெமோ போகட்டும். அவரு மக வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஏன் சிஸ்டர் தனியா விட்டீங்கன்னு கேட்டுச்சு. சண்டைக்கு வரல. கேட்டுச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் என் கண்ணு முன்னால ஒருத்தரையும் நான் விழ விட்டதில்ல. என் வார்டுல யாரும் கட்டிலை விட்டு எறங்கினது கிடையாது. பதினாறு வருஷம். எங்க அத்தையோட சேத்தா இருபத்தஞ்சு.

ஏர்போர்ட்டு போயிருச்சா? இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். நான் கீரனூருல எறங்கிருவேன்.

சரி, பரீட்சைக்கு வர்றேன். எழுத்துப் பரீட்சையெல்லாம் முதல் மார்க்கு. செய்முறைதான். பயிற்சி நடந்த முதியோர் இல்லத்துலயே இருக்கிற ஒருத்தரைக் குடுப்பாங்க. எனக்கு அரங்கசாமி ஐயா. பஸ்ஸு கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு, எண்பத்தொண்ணு. அவரைக் கட்டில்லேருந்து எழுப்பிப் பக்கத்து நாற்காலியில உக்கார வைக்கணும். இவ்வளவுதான் பரீட்சை. ஆனா தூக்கக் கூடாது. நாம பக்கத்துல நிக்கணும், ஒரு கையை முதுகுக்குப் பின்னால படாம வெச்சுக்கணும். சாஞ்சா பிடிக்கறதுக்கு. எந்திரிக்க வேண்டியது அவரு. எவ்வளவு நேரம் ஆனாலும் அவரேதான்.

அவரு காலை நகத்துறாரு. ஒரு இஞ்சு. நிக்கிறாரு. மூச்சு வாங்குது. இன்னொரு இஞ்சு. நெத்தியெல்லாம் வேர்வை. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருக்கேன், முப்பது, நாப்பது, அம்பது. காலு தரைக்கு வந்துருச்சு, இடுப்பு எழும்ப மாட்டேங்குது, லேசா ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான். என் கை என்னைக் கேக்கல. ரெண்டு அக்குளுக்கும் கையைக் குடுத்து ஒரே தூக்கு, நாற்காலியில உக்கார வெச்சுட்டேன். அஞ்சு செகண்டு ஆகியிருக்காது. என்ன கச்சிதமான தூக்கு தெரியுமா, அவருக்கு ஒரு இடத்துல வலிச்சிருக்காது.

அவரு என்னை நிமிந்து பாத்துட்டு, "நான் எந்திரிச்சுக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்" அப்படின்னாரு.

பிரிசில்லா நோட்டுல எழுதினா. அடுத்த வாரம் திரும்ப வாங்கக்கான்னா.

வராந்தாவுல நிறுத்தி வெச்சுக் கேட்டேன். ஏன்டி, விழ விட்டா பெயில் போடு, ஒத்துக்கறேன். விழாம பிடிச்சதுக்குப் பெயிலா? ஊரு ஒலகத்துல எங்கயாவது உண்டா இந்த அநியாயம்? அவ சொல்றா, "அக்கா, நீங்க ஒரு நாள் தூக்கினா அவருக்கு அன்னைக்கு லேசு. தெனம் தூக்கினா மூணு மாசத்துல காலு சூம்பிரும். அப்புறம் அவரு நெனைச்சாலும் எந்திரிக்க முடியாது. படுத்தே போயிருவாரு." சொல்லிட்டு நோட்டை மூடினா. "நான் உங்க அத்தையைப் பத்திச் சொல்லலக்கா."

நான் எங்க அத்தையைப் பத்திக் கேக்கவே இல்லையே தங்கச்சி. அவளை யாரு அதைச் சொல்லச் சொன்னது? 

அன்னைக்கு வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். அவரு டி.வி.யை விட்டுக் கண்ணை எடுக்காம, உன்னை மாதிரி யாரு பாத்திருக்கா எங்கம்மாவை, விடு, வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னாரு. நல்ல மனுஷன். நான் விட்டிருக்கணும். விடல. பெயிலுன்னு ஒரு பேரோட எப்படி விடறது? ஒரு வாரம் முழுக்கப் பழகினேன். யாரை வெச்சுப் பழகறது? என்னையே வெச்சு. அந்தக் கட்டில்லயே படுத்து, பலகையைக் கழட்டாம, கையை ஊணி எந்திரிக்க எவ்வளவு நேரமாகுது, எங்கெங்க வலிக்குதுன்னு. இந்த முட்டியோட.

இன்னைக்குக் குடுத்தது தையல்நாயகி டீச்சரு. எண்பத்து நாலு வயசு. இடுப்பு உடைஞ்சு, பிளேட்டு வெச்சு, மூணு வாரம்தான் ஆச்சு. கேஸ் ஷீட்டைப் பாத்தேன். அதே இடது பக்கம். அதே முறிவு. வேணும்னேதான் குடுத்திருக்கா. கேட்டா, வரிசைப்படி வந்துச்சும்பா.

வலது கையை டீச்சரு முதுகுக்குப் பின்னால படாம வெச்சுக்கிட்டேன். இடது கையால என் கோட்டு நுனியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், அது எங்கயும் போயிராம. பிரிசில்லா ஒரு பாடம் சொல்லிக் குடுத்திருந்தா. முதல்ல காலைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க. எந்திரிக்கணும்னு மனசுல தோணினதும் கைதான் பிடிமானம் தேடும். கை ஒரு எடத்தை இறுக்கிப் பிடிச்சுருச்சுன்னா அவங்க எந்திரிக்கக் கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். அப்ப நாம வாயை மூடிக்கிட்டு நிக்கணும்.

நானும் கையைப் பாத்துக்கிட்டே நின்னேன். டீச்சரு கை போர்வைக்குள்ளேருந்து வந்துச்சு. கட்டில் கம்பியைத் தேடுச்சு. பிடிச்சுச்சு. நாலு விரலு அந்தப் பக்கம், கட்டை விரலு இந்தப் பக்கம்.

அப்புறம் டீச்சரு எந்திரிச்சாங்க. நான் தூக்கல. பதினோரு நிமிஷம். நடுவுல ரெண்டு தடவை உக்காந்து மூச்சு வாங்கினாங்க. வாக்கரைப் பிடிச்சு நாலு எட்டு வெச்சு நாற்காலியில உக்காந்தாங்க. உக்காந்துட்டு என்னைப் பாத்து, "ஏன் சிஸ்டர் அழறீங்க, நான்தான் விழலையே" அப்படின்னாங்க. பிரிசில்லா பாஸுன்னா. சர்டிபிகேட்டைக் கையில குடுத்துட்டு என் தோளைத் தொட்டா. நான் தட்டி விட்டுட்டேன்.

எண்பத்து நாலு வயசு தங்கச்சி அந்த அம்மாவுக்கு. எங்க அத்தை விழுந்தப்ப அவங்களுக்கு அறுபத்தாறு.

பிரிசில்லா சொன்னது சரின்னு நான் அவகிட்ட ஒத்துக்கல. ஒத்துக்கவும் மாட்டேன். நாத்தனாகிட்டயும் சொல்ல முடியாது, இவருகிட்டயும் சொல்ல முடியாது. அவங்க அம்மாவாச்சே. ஊரே என்னை ஒசத்தி வெச்சுப் பேசுது, நான் போயி என்னத்தைச் சொல்றது? உங்களுக்கு என்னைத் தெரியாது, அதனால உங்ககிட்டச் சொல்றேன்.

அந்தப் பலகையைத் தெனம் ரெண்டு பக்கமும் தொடைச்சேன்னு சொன்னேன்ல. தொடைச்சுத் தேஞ்சதுன்னா முழுப் பலகையுமில்ல தேஞ்சிருக்கணும். மேல் விளிம்புல ஒரே ஒரு சாண் எடம்தான் வழுவழுன்னு இருக்கு. எங்க அத்தை மார்புக்கு நேரா. வெளிப்பக்கம் நாலு விரலு அகலத்துக்கு ஒரு பள்ளம், உள்பக்கம் கட்டை விரலு அளவு. கேட்டது ரெண்டு வருஷம்தான். அதுக்கப்புறம் வாயைத் திறந்து கேக்கல. நான் பழகிருச்சுன்னு நெனைச்சுட்டேன். ஆனா ஒம்பது வருஷமும் அந்தக் கை பிடிச்சிருக்கு.

மாத்தூரு போய் ரொம்ப நேரமாச்சே, கீரனூரு வந்துருச்சா? கொடிக்கம்பம் தெரியுதா பாருங்க. 

வேலைக்கா? போவேன்னுதான் நெனைக்கிறேன். வீட்டுல கெடந்தா நாளெல்லாம் அந்தக் கட்டிலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கணும். அங்க போனா எந்திரிக்கிறவங்களைப் பாத்துக்கிட்டு இருக்கணும். எது லேசுன்னு தெரியல. ரொம்ப அசதியா இருக்கு.

ஆஸ்பத்திரியில வாக்கர் குடுத்தாங்களா உங்கம்மாவுக்கு? பரண் மேல போட்டிருக்கீங்களா. நெனைச்சேன். போனதும் அதை எறக்கிக் கட்டில் பக்கத்துல வைங்க. டாக்டரு நிக்கலாம்னு சொல்லியிருக்காரான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க, சொல்லியிருந்தா நாளைக்குக் காலையிலயே உக்கார வைங்க. நீங்க பக்கத்துலயே நிக்கணும், தனியா விட்டுராதீங்க. தரையில ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. பயமாத்தான் இருக்கும். எனக்கு இன்னைக்கும் பயமாத்தான் இருந்துச்சு. பெட்பேன் இருக்கட்டும், ரொம்ப முடியாத நேரத்துக்கு ஆகும். ஆனா பாத்ரூமுக்கு நானே போறேன்னு அவங்க கேட்டா, நான் இருக்கேன்லன்னு மட்டும் சொல்லிராதீங்க.

இந்தாங்க உங்க பொட்டலம். கண்டக்டர், கீரனூரு ஒண்ணு எறங்கணும்.

ஐயோ, கையை எடுங்க தங்கச்சி, தூக்காதீங்க. நானே எந்திரிச்சுக்கறேன். முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுட்டேன், பாருங்க. கொஞ்சம் நேரமாகும். நீங்க கண்டக்டருகிட்டச் சொல்லி ரெண்டு நிமிஷம் பஸ்ஸை நிக்கச் சொன்னாப் போதும்.